நான் டைப் செய்த இரண்டு பெயர்கள்

நானும் அவனும் ஐந்து வருடம் ஒரே ரயிலில் வேலைக்குப் போனோம். காலையில் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவோம். சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சர்வர்களை அமைத்துக் கொடுத்து, அவற்றைப் பார்த்துக்கொள்கிற சின்னக் கம்பெனி. முதலாளியோடு சேர்த்து எட்டுப் பேர். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள்.

அவன் வீடு திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. என் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே, பைக்கில் இருபது நிமிடம். எங்களுக்கு நிலம் உண்டு. கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடுவோம். பேசத் தொடங்கிய மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவனே சொன்னான்:

“உங்கப்பா வருஷா வருஷம் மல்லாட்டை எடுத்துக்கினு கமிட்டிக்கு வருவாரு இல்ல? எங்கப்பா தான் எறக்கியிருப்பாரு, பாரு.”

இருவரும் சிரித்தோம். அப்போது அதில் சிரிப்பதற்கு ஏதோ இருப்பதாகத் தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வருடமும் போயிருக்கிறேன். அவன் அம்மா என் தட்டில் கறியைத் தேடித் தேடிப் போடுவார். “உங்க ஊருக்கு என்ன எப்படா கூட்டிக்கினு போவ?” என்று அவன் கேட்பான். “பொங்கலுக்கு வா” என்பேன். பொங்கல் வரும்போது ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று பொங்கலுக்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். அவன் விட்டுவிட்டதை நான் நிம்மதியாகத் தான் எடுத்துக்கொண்டேன். என் கல்யாணத்துக்குப் பத்திரிகையைக் கூட ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துத் தான் கொடுத்தேன். மண்டபத்துக்கு வந்தான், சாப்பிட்டான், போட்டோவில் நின்றான். என் வீட்டு வாசலை மட்டும் அவன் பார்த்ததே இல்லை.

வேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் எதையாவது காப்பி அடித்து ஓட வைத்துவிட்டுத் திருப்தியாக இருப்பேன். அவன் அது ஏன் ஓடுகிறது என்று கேட்பான். ரயிலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஒரு விஷயத்தை எனக்குப் புரிய வைத்துவிடுவான். எனக்கு இன்று தெரிந்தவற்றில் பாதி அந்த ரயிலில் அவன் சொல்லிக் கொடுத்தது.

அப்படி இருக்கும்போது தான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஒரே நிர்வாகத்தின் கீழ் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, திண்டிவனத்தில் ஒன்று. டோக்கன், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருந்தன. அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும். அதை ஏழு மெஷின்களுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரு கன்டெய்னருக்குள் கட்டிவிட்டால், அது எந்த மெஷினில் வேண்டுமானாலும் ஓடும். ஒன்று நின்றால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்து இயங்கும் மெஷின்களைக் கிளஸ்டர் என்பார்கள். ஏழில் மூன்று, எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவை. மீதி நான்கு, அந்த வேலையைச் செய்கிறவை.

ஏழு மெஷின்களையும் ஒவ்வொன்றாகக் கையால் அமைத்தால் தப்பு வரும். அதற்கென்று தானாகச் செய்கிற கருவி இருக்கிறது. அதற்கு நாங்கள் இரண்டு விஷயம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவது, எந்தெந்த மெஷின்கள் இருக்கின்றன, எது எந்தக் குரூப்பைச் சேர்ந்தது என்ற பட்டியல். அதற்கு இன்வென்டரி என்று பெயர். அடுத்தது வேரியபிள்கள். இந்தக் குரூப் மெஷின்கள் புரோகிராமை எங்கிருந்து எடுக்க வேண்டும், எந்த டிஸ்க்கில் வைக்க வேண்டும், வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் குரூப் வாரியாகத் தனித்தனி ஃபைலில் எழுதி வைப்போம். குரூப்புக்கு என்ன பெயரோ அதே பெயர் தான் அந்த ஃபைலுக்கும் இருக்க வேண்டும். பெயரை வைத்துத் தான் கருவி ஃபைலைத் தேடும்.

மெஷின்களுக்குப் பெயர் வைத்தது அவன். நாங்கள் தினமும் கடக்கும் ஸ்டேஷன்களின் பெயர்கள். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஆறு வந்தது. ஏழாவதுக்காகத் திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் ஒலக்கூரைச் சேர்த்தான். “பேரணி படுத்துடுச்சுன்னு சொன்னா எந்த மெஷின்னு யாருக்கும் சந்தேகமே வராது” என்றான். முதலாளிக்கும் பிடித்துவிட்டது.

மெஷின்களுக்குப் பெயர் வந்துவிட்டது. குரூப்புகளுக்கு வைக்கவில்லை.

அன்று அவன் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கேபிள் பார்க்கப் போயிருந்தான். நான் ஆபீஸில் உட்கார்ந்து இன்வென்டரியை எழுதிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் சீனியர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எங்களுக்குப் பத்து வருடம் மூத்தவர். அவரும் நிலம் வைத்திருக்கிற குடும்பம் தான். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்.

“என்ன தம்பி, திரையையே பாத்துக்கினு இருக்கற?”

“ரெண்டு குரூப்புக்கும் என்ன பேரு வெக்கலாம்னு பாக்கறேன்ணே.”

“இதுக்கு இவ்வளவு யோசனையா? மூணு பேரு நாட்டாம பண்றான், நாலு பேரு வேலை செய்யறான். ஊரு, காலனின்னு போடு. ஒலகத்துக்கே புரியும்.”

பக்கத்து மேசைகளில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லேசாகச் சிரித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை, நன்றாகவே சிரித்தேன். ஆங்கில எழுத்தில் ‘ஊரு’ என்று அடித்து, அதற்குக் கீழே மூன்று மெஷின்களைப் போட்டேன். ‘காலனி’ என்று அடித்து நான்கைப் போட்டேன். அதே பெயர்களில் இரண்டு வேரியபிள் ஃபைல்களும் உண்டாக்கி நிரப்பினேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகத் தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் ரயில் ஏறும்போது அந்தப் பெயர்கள் என் ஞாபகத்திலேயே இல்லை. அது தான் உண்மை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதினால் மற்றவர் படித்துப் பார்த்த பிறகு தான் ஓட்டுவோம். மறுநாள் காலை ரயிலில் அவன் முந்தின நாள் கேபிள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் எலி கடித்த ஒயரைப் பற்றிச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தான். ஆபீஸுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் படிக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பான். அந்த முணுமுணுப்பு நின்றிருந்தது. நிமிர்ந்து அவன் திரையைப் பார்த்தேன். அப்போது தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவன் இன்வென்டரியைப் படித்து முடித்துவிட்டு வேரியபிள் ஃபைலைத் திறந்திருந்தான். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முதல் குரூப்புக்கு அனுமதி உண்டு, இரண்டாவதுக்கு இல்லை. நாங்கள் அமைக்கும் எல்லாக் கிளஸ்டர்களிலும் அப்படித் தான் எழுதுவோம். ஆனால் அதை அந்தப் பெயர்களுக்குக் கீழே அவன் படித்துக்கொண்டிருந்தான்.

“டேய்…” என்றேன்.

“பதினாலாவது வரியில ரெண்டு ஸ்பேஸ் கம்மியா இருக்குது” என்றான். அதைச் சரி செய்தான். “வேற ஒண்ணும் தப்பு இல்ல. ஓட்டட்டுமா?”

“அந்தப் பேரு… நான் வந்து…”

“ஓட்டறேன்” என்றான்.

ஓட்டினான். அந்தக் கருவி ஓடும்போது ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் எந்தக் குரூப்பில் வேலை நடக்கிறது என்று திரையில் பெயர் வரும். காலனி. பிறகு பச்சை வரிகள். மறுபடியும் காலனி. அரை மணி நேரம் அப்படி வந்துகொண்டே இருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். சீனியர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகும்போது திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, காலனி ஓகேவா?”

“ஓகேண்ணா” என்றான் அவன்.

சீனியர் போய்விட்டார். அவனிடம் பேச எனக்கு ஒரு நாள் முழுக்க இருந்தது. மதியம் டீக்கடையில் அவனும் நானும் தனியாக நின்றோம். சாயங்காலம் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். மயிலம் தாண்டியதும் ஒரு தரம் அவன் முழங்காலைத் தட்டினேன். இயர்போனைக் கழற்றி, “சொல்லு” என்றான். “ஒண்ணும் இல்ல” என்றேன். மறுபடி மாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் பஸ்ஸில் வர ஆரம்பித்தான். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, காலையில் மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்ப ரயில் நேரம் ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னான். அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது நிஜம். அதனால் அதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது. ஆபீஸில் வேலையெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வான். தெரியாததைச் சொல்லியும் கொடுப்பான். ஆனால் ஒரு நாள் நான் கூப்பிட்டபோது, “சொல்லுங்க” என்றான்.

“இன்னாடா புதுசா ‘ங்க’ போடற?”

“ஆபீஸ் தானே” என்றான், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ‘ங்க’ தான். பாருங்க, அனுப்பிட்டேங்க, வர்றேங்க. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால் எங்களுக்குள் ஒன்றுமே இல்லை என்று தான் நினைப்பார்கள்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், ஆபீஸில் யாரும் இல்லாதபோது, நான் அந்தப் பெயர்களை மாற்றினேன். இன்வென்டரியில் ‘கன்ட்ரோல்’, ‘வொர்க்கர்’ என்று போட்டேன். கருவிக்கான கட்டளைகளை எழுதி வைத்த ஸ்கிரிப்டுகளிலும் அந்தப் பெயர்களைத் தேடித் தேடி மாற்றினேன். ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது. அவன் திங்கட்கிழமை வந்து பார்ப்பான், புரிந்துகொள்வான், பேசவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன். பேசாமலே முடித்துவிடலாம் என்பது தான் என் கணக்கு.

வேரியபிள் ஃபைல்களின் பெயரை மாற்ற மறந்திருந்தேன். குரூப்புக்குப் புதுப் பெயர், ஃபைலுக்குப் பழைய பெயர். தேடிய பெயரில் ஃபைல் இல்லாததால் கருவி அதைத் தப்பு என்று சொல்லவில்லை. சொந்தமாகத் தனக்குள் வைத்திருந்த பொது மதிப்புகளைப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் சர்வரிலிருந்து புரோகிராமை எடுக்க வேண்டிய நான்கு மெஷின்களுக்கும், வெளியே இன்டர்நெட்டில் போய் எடு என்று எழுதிவிட்டது. அந்த மெஷின்களுக்கு இன்டர்நெட்டே கிடையாது. ஓடிக்கொண்டிருந்தவை ஓடிக்கொண்டிருந்ததால் சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் வேலைக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். அணைந்து எழுந்த மெஷின்கள் புரோகிராமைத் தேடித் தேடிக் கிடைக்காமல் நின்றுவிட்டன.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முதலாளி போன் செய்தார். “ஆஸ்பத்திரியில டோக்கனே வரலியாம். ஜல்தி போ.” நான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வரவேற்பு மேசையைச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள். நர்ஸ்கள் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அனந்தபுரத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா என் கழுத்தில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “யப்பா, என் ரத்த ரிசல்டு எப்ப வரும்? வெறும் வயித்துல ஒக்காந்துக்கினு இருக்கேன்” என்றார். “இதோ வந்துடும்மா” என்றேன். ஒன்றரை மணி நேரம் முட்டி மோதியும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. ஓட்டியபோது எந்தத் தப்பும் காட்டாத ஒன்றில் தப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் அன்று விடுமுறையில் இருந்தான். அப்பாவை அரசுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். முதலாளி என்னை ஆபீஸுக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டு, அவனையும் கூப்பிட்டார். கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரப்பர் செருப்போடு, கசங்கின சட்டையோடு, இரண்டு நாள் தாடியோடு வந்தான். ஆபீஸில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இன்வென்டரியைத் திறந்தான். புதுப் பெயர்களைப் பார்த்தான்.

“பேரு மாத்தினீங்களா?”

“ஆமா.”

“எப்ப?”

“சனிக்கிழமை.”

அதற்கு மேல் கேட்கவில்லை. வேரியபிள் ஃபைல்கள் இருந்த இடத்துக்குப் போனான். அங்கே ‘ஊரு’, ‘காலனி’ என்று இரண்டும் அப்படியே கிடந்தன. இரண்டின் பெயரையும் அவனே மாற்றினான். ஓட்டினான். இருபது நிமிடத்தில் டோக்கன் வர ஆரம்பித்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சீனியரும் வந்து கதவோரம் நின்றார்.

“நல்லா ஓடிக்கினு இருந்தத யாருய்யா நோண்டினது?”

“நான் தான் சார்” என்றேன்.

“எதுக்கு?”

அது தான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். அவன் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தான். சீனியர் நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

“ஸ்டாண்டர்ட் பேரு வெக்கலாம்னு பாத்தேன் சார்” என்றேன்.

முதலாளி கத்தினார். என்ன சொல்லிக் கத்தினார், எவ்வளவு நேரம் கத்தினார் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. அவன் தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெளியே வந்ததும் அவன் வேகமாகப் படியில் இறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன். நடுப் படியில் நின்று திரும்பினான்.

“ஸ்டாண்டர்ட் பேரா?” என்றான்.

நான் அவனுக்கு ஒரு படி மேலே நின்றேன்.

“அன்னிக்கு நான் திண்டிவனத்துல ஒயர் இழுத்துக்கினு இருந்தேன். இங்க அந்தப் பேர யாரு சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அத வுடு. அவரு அப்படித் தான். நீ சிரிச்சியா?”

ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் என்னை ‘நீ’ என்று சொன்னான்.

“சிரிச்சேன்” என்றேன்.

தலையை ஆட்டினான். அவனுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது போலத் தான் இருந்தது.

“மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? யாருக்கும் தெரியாம மாத்திட்டுப் போனா நான் அத எப்படி எடுத்துக்கறது?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா.”

“எனக்கும் தான் தெரியல. தெனம் பஸ்ல வர்றப்ப யோசிச்சுக்கினே வருவேன், இன்னிக்கு இவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு. அஞ்சு வருஷமா எங்க ஊட்ல சோறு துன்ன. அந்தப் பேர அடிக்கறப்ப எங்க அம்மா மொகம் ஒனக்கு வரவே இல்லியா?”

வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு யாருடைய முகமும் வரவில்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்காது தான், ஆனால் குறைந்தபட்சம் அது உண்மையாக இருந்திருக்கும். அதற்குள் அவன் போன் அடித்தது. அப்பாவின் வார்டிலிருந்து அவன் தங்கை. “வந்துக்கினே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டான். நான் அந்தப் படியிலேயே நின்றிருந்தேன். மருந்துக் கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து அவன் அப்பா இறந்துவிட்டார். அவன் எனக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலாளி போட்ட செய்தியைப் பார்த்துத் தான் தெரிந்துகொண்டேன். மாலையை வாங்கிக்கொண்டு போனேன். தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். கமிட்டியில் அவரோடு மூட்டை தூக்கினவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதே மாதிரி கும்பிட்டான்.

“வாங்க” என்றான். “உள்ள போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். அவர் காலடியில் மாலையை வைத்தேன். பெரிய உடம்புக்காரர், பெட்டிக்குள் சின்னதாக இருந்தார். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாப்பா, உன்ன ஆளையே காணோம்? அவரு கேட்டுக்கினே இருந்தாரு” என்று அழுதார். அவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் ஒருவருக்கும் அவன் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போது தான் எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தானா, அல்லது அந்த வார்த்தையை அந்த வீட்டுக்குள் கொண்டுவர அவனுக்கு மனசு இல்லையா, தெரியாது. ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கியபோது நானும் தோள் கொடுக்கலாம் என்று ஒரு அடி முன்னால் போனேன். அவனுடைய சித்தப்பா இடம் விட்டார். அவன், “வேணாம், நாங்க பாத்துக்கறோம்” என்றான். மெதுவாகத் தான் சொன்னான். நான் பின்னால் நடந்து போனேன்.

அந்த வருடம் முடிவதற்குள் அவன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கடைசி நாள் முதலாளி கேக் வெட்டச் சொன்னார். சீனியர் அவன் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் மறந்தே போயிருப்பார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்ன ஒரு வரி, அவ்வளவு தான் அவருக்கு. நான் மட்டும் தான் அதை டைப் செய்து ஃபைலாக்கி, ஏழு மெஷின்களுக்கு அனுப்பியவன். கிளம்பும்போது அவன் எல்லா ஃபைல்களையும் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தான். எந்த வேரியபிள் எதற்கு, எதை மாற்றினால் எது உடையும் என்று ஒன்று விடாமல் இருந்தது. குரூப்புகள் என்ற இடத்தில், ‘கன்ட்ரோல், வொர்க்கர். பெயரை மாற்றினால் வேரியபிள் ஃபைலையும் சேர்த்து மாற்றவும்’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

அவனுக்கு மெசேஜ் எழுதி எழுதி அழித்திருக்கிறேன். ஒரே ஒரு தரம் அனுப்பினேன். நான் செய்தது தப்பு, சீனியர் சொன்னார் என்பது சாக்கு இல்லை, அன்று முதலாளி முன்னால் சொன்னதும் தப்பு என்று எழுதினேன். படித்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது. இரண்டு நாள் கழித்து, “பார்த்தேங்க. நல்லா இருங்க” என்று பதில் வந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. அதைப் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன்.

போன நவம்பரில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மாவைப் பார்த்தேன். மரக்காணம் பஸ்ஸுக்காக ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் பார்த்தது அவர் தான். பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் போய் நின்றேன். மனைவி, பிள்ளை எல்லாரையும் விசாரித்தார். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அப்புறம் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பேருக்கும் இன்னாப்பா சண்ட? அவன கேட்டா ஒண்ணும் இல்லன்றான். மூஞ்ச திருப்பிக்கறான்.”

“சண்டை இல்லம்மா. தப்பு என் மேல தான்.”

“இன்னா தப்பு?”

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். பாண்டிச்சேரி பஸ்ஸின் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வினாடியில் டைப் செய்த அந்தச் சொல்லை அவர் முன்னால் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

“ஆபீஸ் விஷயம்மா” என்றேன்.

“ஆபீஸ் விஷயத்துக்கா இப்படி ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு இருக்கறீங்க? பேஜாரு புடிச்ச பசங்க” என்று சிரித்தார். “கிறிஸ்துமஸுக்கு வருவான். உன்ன கூப்புடச் சொல்லி அவன்கிட்ட சொல்றேன், கண்டிப்பா வரணும், இன்னா?”

“வர்றேம்மா.”

மரக்காணம் பஸ் வந்தது. அவர் பையை வாங்கி, ஏறியதும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். டிசம்பர் முழுவதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. அவர் அவனிடம் சொன்னாரா, சொல்லியும் அவன் வேண்டாம் என்றானா, எனக்குத் தெரியாது. பண்டிகை அன்று காலை நான் சட்டை மாற்றிக்கொண்டு, பைக்கில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவன் தெரு முனை வரைக்கும் போனேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.